பிடிக்காத சிலபஸை நடத்திய புரொபசர்

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரைத் தாண்டி வந்தவங்களுக்கு ஒரு கேள்வி. 1 + 1 எவ்வளவு? ரெண்டுன்னு சொன்னா நீங்க இன்னும் அந்த பேப்பரைத் தாண்டலைன்னு அர்த்தம். ஆர் கேட்டில் 1 + 1 = 1. முதல் நாள் போர்டில் எழுதிப் போடுவாங்க, நாமும் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இதை யார் முதலில் பிடிவாதமாகச் சொன்னார் என்று என்றைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

பூலியன் அல்ஜீப்ராவை உருவாக்கியவரே இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றோடு ஒன்று கலக்காத வகைகளை மட்டும்தான் கூட்டலாம் என்பது அவருடைய விதி. அதெல்லாம் இல்லை, A + A என்றால் A தான் என்று 1864ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டு வாதாடியவருக்கு அப்போது முப்பது வயசு கூட ஆகவில்லை. அவர் பெயர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். லாஜிக் அவருக்குப் பாதி வேலைதான். மீதி வேலை, மான்செஸ்டரிலும் லண்டனிலும் கல்லூரி மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துவது. அதற்குள் புள்ளிவிவரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1835 செப்டம்பர் 1ஆம் தேதி லிவர்பூலில் பிறந்தார், பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாவதாக. அப்பா இரும்பு வியாபாரி. ஜெவன்ஸுக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். 1848ல், ரயில்வே பங்குகள் ஏறி விழுந்த களேபரத்துக்குப் பிறகு, குடும்பக் கம்பெனி திவாலானது. வியாபார நெருக்கடி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வியைப் பின்னாளில் துரத்தித் திரிந்தவருக்கு, அது முதலில் சொந்த வீட்டு வாசலில்தான் வந்து நின்றது.

குடும்பம் யூனிட்டேரியன் பிரிவைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து திருச்சபையைச் சேராதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் வாங்க முடியாது. மதம் கேட்காத இடம் லண்டனில் இருந்த யுனிவர்சிட்டி காலேஜ். அங்கே போய் வேதியியல் படித்தார். கணக்கு வாத்தியாராக வாய்த்தவர் அகஸ்டஸ் டி மார்கன். ஆமாம், நாம் நாண்ட் கேட்டையும் நார் கேட்டையும் மாற்றி மாற்றி வரைவோமே, அதே டி மார்கன் விதிக்காரர். அவர் 1806ல் பிறந்த ஊர் நம்ம மதுரை. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதால் ரொம்ப உரிமை கொண்டாட முடியாது, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரலை.

படிப்பு முடிவதற்குள் வேலை வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்த காலம். சிட்னியில் புதிதாகத் தொடங்கிய நாணயச் சாலைக்குத் தங்கத்தின் மாற்றுப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. நல்ல சம்பளம், குடும்பத்தில் பணக் கஷ்டம். பதினெட்டு வயசில் கப்பல் ஏறினார், 1854ல்.

அங்கே அஞ்சு வருஷம். தங்கத்தைச் சோதிப்பது போக மீதி நேரத்தில் அவர் செய்ததைப் பார்த்தால் டேட்டா கலெக்‌ஷன் ஒரு வியாதியோன்னு தோணும். தினமும் தட்பவெப்பத்தை அளந்து எழுதினார். தெருத் தெருவாக நடந்து, எந்தப் பகுதியில் எந்த மாதிரி ஜனங்கள் வசிக்கிறார்கள் என்று சிட்னியையே வகைப்படுத்திக் குறிப்பு எடுத்தார். நியூ சவுத் வேல்ஸில் ரயில் பாதைக்கு அரசு பணம் செலவழிக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. அதில் தலையைக் கொடுத்தவர் பொருளாதாரப் புத்தகங்களுக்குள் விழுந்துவிட்டார். கெமிஸ்ட்ரி லேப்பில் வேலை பார்த்த பையனுக்கு, இந்தப் பாடத்தையும் லேப் பாடம் மாதிரி அளந்து படிக்க முடியாதா என்ற எண்ணம் அங்கேதான் பிடித்துக்கொண்டது.

1859ல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய கல்லூரிக்கே டிகிரி முடிக்கத் திரும்பினார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் தன்னைவிடச் சின்னப் பசங்க. கையில் சேமிப்பு கொஞ்சம்தான்.

அடுத்து நடந்ததுக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். 1860ன் தொடக்கத்தில் பொருளாதாரத்தின் சரியான அடிப்படை தனக்குப் பிடிபட்டுவிட்டது என்று ஜெவன்ஸ் நம்பினார். ஒரு பொருளின் மதிப்பை முடிவு செய்வது அதைச் செய்ய ஆன உழைப்பு இல்லை, கடைசியாகக் கிடைக்கும் ஒரு துளி எவ்வளவு பயன் தருகிறது என்பதுதான். தாகத்தில் குடிக்கும் முதல் டம்ளர் தண்ணீருக்கும் ஆறாவது டம்ளருக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கோங்க. இன்றைக்குப் புத்தகங்களில் இறுதிநிலைப் பயன்பாடு என்று வருவது இதுதான். கால்குலஸ் தெரிஞ்சவங்களுக்கு, மொத்தப் பயனோட டெரிவேட்டிவ். அவ்வளவுதான்.

அதே வருஷம் பொருளாதாரத் தேர்வு வந்தது. முதல் இடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர் பின்னால் தள்ளப்பட்டார். தன் கருத்துகள் புரொபசருடைய கருத்துகளோடு ஒத்துப்போகாததுதான் காரணம் என்று நினைத்து, அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். அவர் நினைத்தது சரியா, இல்லை நாமெல்லாம் ரிசல்ட் அன்றைக்குச் சொல்கிற சமாதானம்தானா? பேப்பர் திருத்தியவர் பக்கக் கதை நம்மிடம் இல்லை, அதனால் நான் நடுவில் நிற்கிறேன். ஆனால் அந்த வருஷக் கடைசியிலேயே அதே பாடத்தில் ரிக்கார்டோ ஸ்காலர்ஷிப்பை எழுதி ஜெயித்தார். 1862ல் எம்.ஏ.வில் தங்கப் பதக்கம்.

அந்தப் புதுக் கொள்கையை 1862லேயே ஒரு அறிவியல் மாநாட்டுக்கு எழுதி அனுப்பினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி, சித்தாந்தம் வேண்டாம், எண்களைக் காட்டுவோம் என்று அடுத்த வருஷம் தங்கத்தின் மதிப்புச் சரிவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கொட்டிய பிறகு, பணத்தின் மதிப்பு குறைந்திருக்கிறதா? ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இவர் 39 முக்கியமான சரக்குகளின் விலைகளை வருஷவாரியாக எடுத்து, ஒரே குறியீட்டெண்ணாக மாற்றினார். தங்கத்தின் மதிப்பு குறைந்தது 9 சதவீதம் விழுந்திருக்கிறது என்று விடை வந்தது. சிட்னியில் எந்தத் தங்கத்தைத் தன் கையால் சோதித்தாரோ, அதன் மதிப்பு இறங்குவதை லண்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்!

இதில் அவர் எடுத்தது சாதாரண சராசரி இல்லை, ஜியோமெட்ரிக் மீன். ஏன்னு கேட்டா, ஒரு சின்ன உதாரணம். ஒரு சரக்கின் விலை 100லிருந்து 200 ஆகிறது, இன்னொன்று 100லிருந்து 50 ஆகிறது. சாதாரண சராசரி 125. விலைவாசி 25 சதவீதம் ஏறிவிட்டது என்று சொல்லும். ஆனால் ஒன்று இரண்டு மடங்கானது, இன்னொன்று பாதியானது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டாமா? 200ஐயும் 50ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க, 100 வரும். விலை என்பது விகிதமாக மாறும் விஷயம் என்று பார்த்ததால் வந்த முடிவு அது.

அதே 1863ல் மான்செஸ்டர் ஓவன்ஸ் காலேஜில் டியூட்டர் வேலை. தடுமாறும் மாணவர்களுக்கு எந்தப் பாடமானாலும் சொல்லிக்கொடுக்கும் வேலை. 1866ல் அங்கேயே லாஜிக்குக்கும் பொருளாதாரத்துக்கும் சேர்த்து புரொபசர் ஆனார். பள்ளி ஆசிரியர்களுக்கு மாலை வகுப்பும் எடுக்க வேண்டும்.

இப்போ சிலபஸுக்கு வருவோம். அஃபிலியேட்டட் காலேஜில் படிக்கிற நமக்கு இது சட்டென்று புரியும். ஓவன்ஸ் காலேஜுக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. பசங்க லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுதான் எழுதணும். அந்தத் தேர்வுக்குப் பொருளாதாரம் என்றால் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய புத்தகம். மில்லின் மதிப்புக் கொள்கையே தப்பு என்று நினைத்த ஜெவன்ஸ், வருஷா வருஷம் வகுப்பில் அதே மில்லை நடத்தினார். பதினான்கு வருஷம்.

யோசிச்சுப் பாருங்க. தனக்குச் சரியென்று தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் பசங்க மார்க் போகும். அது எப்படி வலிக்கும் என்று அவருக்கு 1860லேயே தெரியும். சொல்லிக்கொடுக்காவிட்டால், தப்பு என்று தான் நினைப்பதை இன்னொரு தலைமுறை மனப்பாடம் செய்யும். அவர் பசங்க மார்க்கைக் காப்பாற்றினார். தன் கருத்தைப் புத்தகங்களில் எழுதினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய 1875-76 வகுப்புகளில் உட்கார்ந்து ஒரு மாணவர் எழுதிய நோட்ஸ் எப்படியோ தப்பிப் பிழைத்து, நூறு வருஷம் கழித்து 1977ல் அச்சில் வந்தது. நம்ம கிளாஸ் நோட்ஸ் செமஸ்டர் முடிந்த வாரமே பழைய பேப்பர் கடைக்குப் போவதை நினைச்சா கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

புத்தகங்களில் முதலில் பேர் வாங்கிக்கொடுத்தது 1865ல் வந்த நிலக்கரி பற்றிய நூல். மெக்கானிக்கல் பசங்க கவனிங்க. இன்ஜினின் திறனைக் கூட்டினால் நிலக்கரி மிச்சமாகும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். ஜெவன்ஸ் அதைத் தலைகீழாகத் திருப்பினார். ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்குத் தேவையான நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையில் மொத்தமாக எரித்த நிலக்கரி பத்து மடங்கு ஆனது. குறைவான எரிபொருளில் வேலை நடந்தால் செலவு குறையும், செலவு குறைந்தால் இன்னும் நிறையப் பேர் இன்னும் நிறைய உபயோகிப்பார்கள். ஜெவன்ஸ் முரண்பாடு என்று இன்றைக்கும் மின்சாரம், பெட்ரோல், டேட்டா சென்டர் என எல்லா விவாதத்திலும் இது வருகிறது.

அதே நூலில் ஒரு கணக்கு உண்டு. கால்குலேட்டர் எடுங்க. 1861ல் பிரிட்டனின் நிலக்கரி 83.6 மில்லியன் டன். வருஷம் 3.5 சதவீத வளர்ச்சி. நூறு வருஷம். 1.035ஐ நூறு தடவை பெருக்கி 83.6ஆல் பெருக்கினால் 2,607 மில்லியன் டன் வரும். 1961ல் நிஜத்தில் 200 மில்லியனுக்குக் கீழேதான் இருந்தது. அவரைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் இவ்வளவு தோண்டவே முடியாது, ஆகவே இந்த வளர்ச்சி எங்கேயாவது நின்றே ஆகும் என்பதுதான் அவர் சொன்னது. பெட்ரோலியம் அந்த இடத்தைப் பிடிக்கும் என்பதை அவர் பார்க்கத் தவறியது உண்மைதான். நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் வரை அந்த நூல் போய்ச் சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் அதைப் பாராட்டிப் பேசியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாட்சாத் ஜான் ஸ்டூவர்ட் மில்.

வகுப்பில் லாஜிக் நடத்தும்போது அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. மரச் சில்லுகளில் ஊசிகள் குத்தி, A, B, C என்று எழுதி, சாய்வுப் பலகையில் அடுக்கிவைத்து மாணவர்களுக்குக் காட்டுவார். ஒரு கூற்றைச் சொன்னதும் அதற்கு முரணான சில்லுகளை ஒரே இழுப்பில் வெளியே தள்ளிவிடலாம். அப்புறம் இதையே இயந்திரமாக்கினால் என்ன என்று தோன்றி, சால்ஃபோர்டில் இருந்த ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்துச் செய்யவைத்தார். பார்க்க சின்ன பியானோ மாதிரி இருக்கும், 21 கட்டைகள். நான்கு மாறிகள், அப்போ 16 சேர்க்கை, நம்ம ட்ரூத் டேபிள் கணக்கு. கூற்றுகளைக் கட்டைகளில் அழுத்தினால் பொருந்தாத சேர்க்கைகள் முகப்பிலிருந்து மறைந்துபோய் விடை மட்டும் நிற்கும். 1870ல் ராயல் சொசைட்டியில் இதை இயக்கிக் காட்டினார். இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எண்ணுவதில் அவருக்கு இருந்த ஆசைக்கு ரெண்டு சாட்சி. பிரிட்டனில் புழங்கும் தங்கக் காசுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அறிய, வங்கிக்காரர்கள் பலருக்கு எழுதி, ஒன்றரை லட்சத்துக்கும் மேலான காசுகளின் வருஷங்களைக் கணக்கெடுக்க வைத்தார். நல்ல சாம்பிள் சர்வே. இன்னொன்று வீட்டிலேயே செய்தது. ஒரு பெட்டிக்குள் கறுப்பு அவரை விதைகளை அள்ளிப் போடுவார். பார்த்த நொடியில் எத்தனை என்று ஊகிப்பார், பிறகு எண்ணிச் சரிபார்ப்பார். 1,027 தடவை! மூன்று, நான்கு வரை ஒரு தப்பும் வரவில்லை. அஞ்சில் தப்பு தொடங்கியது. 1871ல் இதை நேச்சர் இதழில் வெளியிட்டார். மனோதத்துவக்காரர்கள் இன்னும் அதைச் சொல்கிறார்கள்.

பொருளாதாரக் கொள்கையைக் கணித வடிவில் சொல்லும் அவருடைய பெரிய புத்தகமும் அதே 1871ல் வந்தது. அதே வருஷம் வியன்னாவில் மெங்கர், மூணு வருஷம் கழித்து லொசானில் வால்ராஸ், ஒருவரையொருவர் அறியாமல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பொலிட்டிக்கல் எகானமி என்ற நீளப் பெயரை விட்டுவிட்டு எகனாமிக்ஸ் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று 1879ல் வந்த இரண்டாம் பதிப்பில் அழுத்திச் சொன்னார். டைம்டேபிளில் நாம் பார்க்கும் பெயர் நிலைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

இவ்வளவு செய்தவருக்கு வகுப்பறைக்குள் நுழைவதே பயம். கூச்ச சுபாவம். தூக்கம் வராது, வயிற்றுக் கோளாறு வேறு. பின்னாளில் அவரே ஒரு கடிதத்தில் ஒத்துக்கொண்டார்: லாஜிக் நடத்துவதில் எப்போதாவது சந்தோஷம் இருந்தது, ஆனால் பல வருஷங்களாகவே வகுப்புக்குள் போவது குற்றவாளியை ஊர் நடுவே கட்டிவைக்கும் கம்பத்துக்கு நடந்துபோவது போலத்தான் இருந்தது என்று. செமினார் அன்றைக்குக் காலையில் கைகால் நடுங்குகிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நடுக்கத்தோடு மனுஷன் பதினேழு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார். 1876ல் மான்செஸ்டரை விட்டு, தான் படித்த லண்டன் கல்லூரிக்கே குறைந்த வகுப்புகளோடு போனதற்கு உடம்புதான் முக்கியக் காரணம்.

அங்கே போன கையோடு அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. 1877லிருந்து மில்லைத் தாக்கிக் கட்டுரைத் தொடர் எழுதினார். மில் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பதில் சொல்ல முடியாத ஆளைத் திட்டுவது நியாயமா என்று பலருக்கு உறுத்தியது, எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் பதினான்கு வருஷம் வேண்டாவெறுப்பாக நடத்திய கடுப்பு எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?

வேடிக்கை என்னன்னா, அதே 1877ல் தேர்வுக்காக விழுந்து விழுந்து படிப்பதை ஆதரித்தும் ஒரு கட்டுரை எழுதினார். அதில் நல்ல விதமும் உண்டு, கெட்ட விதமும் உண்டு, தேர்வுகள் மனசைப் பழக்கத்தான் செய்கின்றன என்பது வாதம். தேர்வால் சூடுபட்டவர் எழுதியது! அரியர் வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டாம், எரிச்சல் வரும்.

கடைசி வருஷங்களில் அவரைப் பிடித்தாட்டியது சூரியன். வியாபார நெருக்கடிகள் ஏறக்குறைய பத்தரை வருஷத்துக்கு ஒருமுறை வருவதாகக் கணக்கிட்டார். சூரியப் புள்ளிகளின் சுழற்சி 11.1 வருஷம் என்றிருந்தது, பொருந்தவில்லை. பிறகு ஒரு வானியலாளர் 10.45 என்று சொன்னதும், அட, இதோ பொருந்துகிறதே என்று குதித்தார். சூரியனில் மாற்றம், அதனால் இந்தியாவில் மழை பொய்க்கும், தானிய விலை ஏறும், ஜனங்களிடம் துணி வாங்கக் காசு இருக்காது, மான்செஸ்டர் மில்கள் தள்ளாடும். டெல்லியின் பழைய கோதுமை விலைகளைக்கூடத் தேடிப் பிடித்தார். 1876 முதல் 1878 வரை நம்ம பக்கத்தில் தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் லண்டனில் ஓடிய கணக்கு இது. அந்தச் சங்கிலியில் நம் ஜனங்கள் துணி வாங்குகிறவர்களாக மட்டும்தான் வருகிறார்கள். படிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

கணக்காகவும் அது நிற்கவில்லை. சூரியச் சுழற்சி பதினொன்றுக்குப் பக்கம்தான் என்று பின்னால் உறுதியானது. சராசரி சரியாக வரவேண்டும் என்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் சந்தேகமான வருஷங்களையும் நெருக்கடி என்று சேர்த்திருந்தார். 1,027 தடவை விதை எண்ணிய அதே கை. டேட்டாவை நேசிக்கிறவருக்கும் விடை முன்கூட்டியே பிடித்துப்போனால் என்ன ஆகும் என்று நான் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்வேன்.

1880ல் ராஜினாமா எழுதிக்கொடுத்தார். இனி வகுப்பு இல்லை, எழுத்து மட்டும். பொருளாதாரம் முழுவதையும் தன் போக்கில் சொல்லும் ஒரு பெரிய நூலைத் தொடங்கினார். எந்தத் தேர்வுக்கும் கட்டுப்படாத புத்தகம். 1882 ஆகஸ்ட் 13ஆம் தேதி, குடும்பத்தோடு ஹேஸ்டிங்ஸ் பக்கம் தங்கியிருந்தபோது, கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தார். வயசு 46. அந்த நூலில் எழுதி முடித்திருந்த துண்டுகள் மட்டும் 1905ல் வெளிவந்தன.

கடிதங்களையும் நாட்குறிப்பையும் மனைவி ஹாரியட் தொகுத்து வெளியிட்டார். அப்பா இறக்கும்போது சின்னப் பையனாக இருந்த மகன் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஜெவன்ஸ், வளர்ந்து பொருளாதாரப் புரொபசராகி, 1914ல் வந்து சேர்ந்த இடம் அலகாபாத் பல்கலைக்கழகம். அப்பாவின் கணக்கில் விலைப் பட்டியலாக மட்டும் இருந்த நாட்டின் மாணவர்களுக்கு 1923 வரை அங்கே பாடம் நடத்தினார். இந்தியன் ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழை 1916ல் தொடங்கியதும் அவர்தான்.

இன்னொன்று. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்று பயந்து, அப்பா ஜெவன்ஸ் எழுதும் தாளும் பழுப்பு நிறப் பொதி காகிதமும் கட்டுக் கட்டாக வாங்கி வீட்டில் அடுக்கியிருந்தார். அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லையாம்.